தமர் உகந்த திருமேனியும் அப்ரைசல் ஃபாரமும்

ஆபீஸில் நல்ல பெயர் வாங்க முன்பெல்லாம் வேலை தெரிந்தால் போதும் என்றிருந்தது. அப்புறம், தெரிந்ததை நாலு பேர் முன்னால் சொல்லவும் தெரியணும் என்றார்கள். சரி என்று பவர்பாயிண்ட் கற்றுக்கொண்டோம். இப்போது அப்ரைசல் ஃபாரத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. எமோஷனல் இன்டெலிஜென்ஸ். செல்லப் பெயர் ஈக்யூ. தமிழில் உணர்வுசார் நுண்ணறிவு என்கிறார்கள். ஐந்துக்கு எத்தனை என்று மேனேஜர் மார்க் போடுவார். மீட்டிங்கில் முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் நாலு. கிளையண்ட் கத்தும்போதும் சிரித்துக்கொண்டே "ஷ்யூர், ஷ்யூர்" என்று தலையாட்டினால் ஐந்து. "இந்தத் தேதிக்குள் முடியாது" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தால் இரண்டரை.

இந்தக் கட்டத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. விஷயமே பொய் என்று சொல்ல வரவில்லை. மனசைப் புரிந்துகொள்ளத் தெரியாதவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அவனோடு வேலை பார்ப்பது நரகம், அது நம் எல்லோருக்கும் தெரியும். என் வழக்கு வேறு. அடுத்தவர் மனசு என்ன பாடுபடுகிறது என்று கண்டுகொள்வது பாதி வேலைதான். கண்டுகொண்டதற்காக நீங்கள் எதை மாற்றினீர்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி இல்லாவிட்டால் ஈக்யூ வெறும் மேக்கப். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், மைசூருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் குன்று மேல் இருக்கும் மேல்கோட்டை. அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் முன்கதை.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது?

1990ல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லுக்கு இலக்கணம் சொன்னார்கள். பிறகு 1997ல் அதைத் திருத்தி நான்கு திறமைகளாகப் பிரித்தார்கள். உணர்ச்சியை அடையாளம் காண்பது, யோசிப்பதற்கு அதைப் பயன்படுத்துவது, அது ஏன் வருகிறது எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. ரொம்ப அடக்கமான சங்கதி. நடுவில் 1995ல் டேனியல் கோல்மன் என்ற பத்திரிகையாளர் இதே பெயரில் ஒரு புத்தகம் போட்டார். உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. 1998ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரையும் எழுதினார். மூளைத்திறன், தொழில்திறன் இவற்றைவிட இது இரண்டு மடங்கு முக்கியம் என்று அதில் சொன்னார். கம்பெனிகளுக்கு வேறென்ன வேண்டும்? பயிற்சி வகுப்பு ஆரம்பித்துவிட்டார்கள்.

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அவ்வளவு தாராளமாகச் சொல்லவில்லை. 2010ல் டானா ஜோசப், டேனியல் நியூமன் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். வாடிக்கையாளரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் வேலைகளில் இந்தத் திறமை நன்றாகக் கைகொடுக்கிறது, உணர்ச்சிக்கு அவ்வளவு வேலை இல்லாத வேலைகளில் அந்தப் பயன் தெரியவில்லை என்பதே அவர்கள் கண்டது. ஆக, இது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட வேலையைச் செய்யும் ஒரு கருவி.

இதற்கெல்லாம் முன்பே, 1983ல், ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியல் பேராசிரியை வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தார். டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களையும், கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். ஒரு கூட்டத்துக்குச் சிரிப்பதுதான் சம்பளம். இன்னொரு கூட்டத்துக்கு மிரட்டுவதுதான் சம்பளம். இரண்டு பேரும் கை கால் உழைப்போடு மனசையும் வாடகைக்கு விடுகிறார்கள் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் உணர்ச்சி உழைப்பு. அந்த உழைப்பு பெண்கள் தலையில்தான் அதிகமாக விழுகிறது என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம். 2000களில் சென்னையிலும் பெங்களூரிலும் கால் சென்டரில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ராத்திரி பூரா பெயரை மாற்றி, உச்சரிப்பை மாற்றி, திட்டு வாங்கிக்கொண்டே "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" சொன்ன தலைமுறை அது.

அடக்கி வைப்பதற்கு விலையும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயம் இது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அமுக்கினால் முகம்தான் மாறுகிறது, உள்ளே இருக்கும் கசப்பு குறைவதில்லை. அதோடு, அமுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிராளி சொன்னது சரியாக நினைவில் நிற்பதும் இல்லை. மீட்டிங்கில் ஐந்துக்கு ஐந்து மார்க் வாங்கிய புன்னகை மன்னன், மீட்டிங் முடிந்ததும் "என்ன முடிவு பண்ணாங்க?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பது இதனால்தான் :-)

சரி, மேல்கோட்டை எங்கே வருகிறது?

தளபதி படம் பார்த்தவர்கள் மேல்கோட்டையைப் பார்த்தாகிவிட்டது. ரஜினி ஆடும் அந்த முடிவுபெறாத ராயகோபுரத் தூண்கள் அங்கே இருப்பவைதான். 1939ல் மைசூரிலிருந்து மண்டியா தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இந்த ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் மைசூருக்குப் போகிறவர்கள் ஒரு எட்டு போய்வரும் ஊர்தான். குன்றின் உச்சியில் யோகநரசிம்மர், கீழே செல்வநாராயணர் கோயில், நடுவில் கல்யாணி தீர்த்தம். புளியோதரை பேர் போனது. கன்னட நாட்டின் நடுவில், வீட்டுக்குள் ஒரு விதமான பழைய தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார்களின் ஊர்களில் இதுவும் ஒன்று. அந்தத் தமிழ் அங்கே போன கதையில் முக்கியமான ஆள் ராமானுஜர்.

குருபரம்பரைக் கதைகள் சொல்வது இது. சோழ ராஜாவின் தொல்லை தாங்காமல் ராமானுஜர் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பி, மேற்கே ஹொய்சள நாட்டுக்குப் போனார். மேல்கோட்டையில் திருநாராயணபுரம் கோயிலைச் சீர்படுத்தி, 12 ஆண்டுகள் அந்தப் பக்கமே இருந்தார். அதாவது ஊரை விட்டு, மொழி தெரியாத இடத்துக்கு வந்து, அங்கே உள்ள ஆட்களை வைத்து ஒரு பெரிய காரியத்தை எழுப்பி நிறுத்தியவர். ஆன்சைட்டில் 12 வருஷம் என்றால் நமக்கு உடனே புரியும். நான் இங்கே பக்தி பேச வரவில்லை. ராமானுஜரை மேனேஜ்மென்ட் குருவாக்கும் எண்ணமும் இல்லை. திருக்குறளில் மேனேஜ்மென்ட், கீதையில் மேனேஜ்மென்ட் என்று ஏற்கெனவே போதுமான அளவு எழுதித் தள்ளியாச்சு. அந்த ஊர் பாதுகாத்து வைத்திருக்கும் இரண்டு நினைவுகள் மட்டும் எனக்குப் போதும். கதை எவ்வளவு சரித்திரம் என்பது வேறு விஷயம். ஒரு ஊர் எதை மறக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

முதல் நினைவு: விடைபெறுவது

12 வருஷம் கழித்து ஸ்ரீரங்கம் திரும்பலாம் என்ற நிலை வந்தது. அங்கே அவருக்கு வேலை காத்திருந்தது. கிளம்பினால் நியாயம். ஆனால் மேல்கோட்டைச் சீடர்கள் கலங்கிப் போனார்கள். ஐம்பத்திருவர் என்று மரபு சொல்லும் 52 பேர். இந்த இடத்தில் நம்ம ஊர் மேனேஜராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "பி ப்ரொஃபஷனல். எல்லாம் டாக்குமென்ட்ல இருக்கு."

ராமானுஜர், தன்னைப் போலவே ஒரு திருமேனியைச் செய்யச் சொல்லி, அதை அவர்களிடம் விட்டுவிட்டுப் போனார் என்பது மரபு. அந்தச் சிலை இன்றும் மேல்கோட்டை கோயிலில் இருக்கிறது. வைணவர்கள் ராமானுஜரின் மூன்று திருமேனிகளைச் சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தானுகந்த திருமேனி, அவரே உகந்தது. ஸ்ரீரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. மேல்கோட்டையில் இருப்பதற்குப் பெயர் தமர் உகந்த திருமேனி. தமர் என்றால் தன்னுடையவர்கள். தன்னுடையவர்கள் ஆசைப்பட்டதால் உண்டானது.

அந்தப் பெயரை நான் ரொம்ப ரசிப்பேன். அழுகை இருக்கிறது என்று தெரிந்தது. அதை அவர் குறை என்று சொல்லவில்லை, அடக்கச் சொல்லவில்லை. தன் பயணத்தை ரத்தும் செய்யவில்லை. போகிறவர் போகத்தான் போகிறார். ஆனால் இருக்கிறவர்கள் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று கண்டு, அதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினார். உணர்ச்சி புரிந்தது, ஏற்பாடு நடந்தது. இரண்டு பாதியும் சேர்ந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான உதாரணத்தை நம் துறையிலேயே காட்டலாம். 2007ல் கூகுளில் சேட்-மெங் டான் என்ற சிங்கப்பூர்க்கார இன்ஜினியர், உணர்வுசார் நுண்ணறிவுக்கென்று ஒரு வகுப்பை ஆரம்பித்தார். மிகவும் பிரபலமாகி, 2012ல் புத்தகமாகவும் வந்தது. உலகத்திலேயே இந்த விஷயத்தை ஆர்வமாகப் படித்த கம்பெனிகளில் ஒன்று அது. அதே கம்பெனியின் தலைமை 2023 ஜனவரி 20 அன்று சுமார் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அமெரிக்காவில் பலருக்கு விஷயம் மின்னஞ்சலில்தான் தெரிந்தது. லாகின் வேலை செய்யாததை வைத்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு போகக்கூட வழியில்லை. ஆட்குறைப்பே தப்பு என்று நான் வாதாடவில்லை. விடைபெறுவதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்கிறேன். வகுப்பில் படித்த ஈக்யூ எல்லாம் அந்தக் காலைப்பொழுதில் எங்கே போனது?

ஹெச்1பி விசாவில் இருப்பவருக்கு இது வெறும் மனவருத்தம் இல்லை. வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு வேலை அல்லது வேறு விசா, இல்லாவிட்டால் மூட்டை கட்டணும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாதி வருஷம், வீட்டு லீஸ், கார் லோன். இந்த நிலைமையில் இருப்பவரிடம் "வீ அண்டர்ஸ்டாண்ட் திஸ் இஸ் டிஃபிகல்ட்" என்று எழுதுவது புரிந்துகொண்டதற்கு அடையாளம் இல்லை. வேலை முடியும் தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போட்டால், அந்த 60 நாள் கணக்கும் அவ்வளவு தள்ளித்தான் ஆரம்பிக்கும். அது புரிந்துகொண்டதற்கு அடையாளம். அப்படிச் செய்யும் கம்பெனிகளும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை.

இரண்டாம் நினைவு: மூன்று நாள்

மேல்கோட்டையின் உற்சவர் செல்வப்பிள்ளை. அந்தச் சிலையை டெல்லியிலிருந்து ராமானுஜர் மீட்டு வந்ததாகக் கதை. (டெல்லி சுல்தான் ஆட்சி தொடங்கியதே 1206ல்தான், ராமானுஜருக்குப் பிறகு. ஆகவே கதையில் பின்னால் சேர்ந்த சரக்கு நிறைய.) வழியில் ஆபத்து வந்தபோது, அன்றைய சமூகம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்திருந்த மக்கள் துணைக்கு வந்தார்கள் என்கிறது மரபு. நன்றியாக ராமானுஜர் அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டினார். திருமகளின் குலத்தைச் சேர்ந்தவர்கள் என்று அர்த்தம். வெறும் பெயரோடு நிறுத்தவில்லை, கோயிலுக்குள் வரும் உரிமையும் கொடுத்தார். அவ்வளவு பழைய காலத்தில் இது சாதாரணக் காரியமா?

ஆனால் அந்த உரிமை வருஷத்தில் எத்தனை நாள் தெரியுமா? மூன்று நாள் என்கின்றன பிரிட்டிஷ் காலத்துக் குறிப்புகள். மீதி 362 நாள் கதவு சாத்தியே இருந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப் பிரிவு 17 நடைமுறைக்கு வந்தது 1950ல். அதை மீறினால் தண்டனை என்ற சட்டம் 1955ல். இடைப்பட்ட காலமெல்லாம் பெயர் என்னவோ திருக்குலத்தார்தான். பெயரில் மரியாதை இருந்தது, வாசலில் இல்லை. காந்தி ஹரிஜன் என்று பெயர் வைத்தபோது அம்பேத்கர் அதை ஏன் ஏற்கவில்லை என்பது இந்த இடத்தில் நன்றாகப் புரியும்.

இந்த நினைவு எனக்கு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. தன் காலத்தில் ஒரு மனிதர் பார்த்தார், கூப்பிட்டார், கதவைக் கொஞ்சம் திறந்தார். அந்தக் கொஞ்சத்தை அதற்கப்புறம் வந்தவர்கள் சுமார் எண்ணூறு வருஷமாக அதே கொஞ்சமாகவே வைத்துக்கொண்டு, பெருமையையும் பேசிக்கொண்டிருந்தார்கள். விட்டுக்கொடுத்தது மூன்று நாள், வாங்கிக்கொண்ட புகழ் முந்நூற்று அறுபத்தைந்து நாளும்.

"நாமெல்லாம் ஒரே ஃபேமிலி" என்று சொல்லும் கம்பெனிகளைப் பார்த்தால் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். அசோசியேட், பார்ட்னர், டேலண்ட் என்று பெயரெல்லாம் பிரமாதமாக இருக்கும். வருஷத்துக்கு மூன்று நாள் பொங்கல், தீபாவளி, டீம் அவுட்டிங். அன்றைக்கு எம்.டி.யும் கோலம் போடுவார். நாலாவது நாள், உங்கள் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் முடிவு செய்யும் அறைக்குள் நீங்கள் நுழைய முடியாது.

நாம் கடல் கடந்து வந்தும் அந்தக் கதவை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக டீமில் சேர்ந்த தமிழ்ப் பையனிடம் "எந்த ஊர்?" என்று கேட்பது பாசம். "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று அடுக்கிக்கொண்டே போவது எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது, அமெரிக்க நகரங்களில் முதலாவதாக. அங்கே அதற்குத் தேவை வந்ததே நாம் யோசிக்க வேண்டிய விஷயம். இந்தியர்கள் இருக்கும் டீமில் ஈக்யூ வகுப்பு எடுப்பவர்கள் இந்த ஒரு கேள்வியை மட்டும் தொட மாட்டார்கள்.

அண்ணாச்சி செய்தது

குறை மட்டும் சொன்னால் எப்படி, நல்லதும் ஒன்று சொல்கிறேன். எங்கள் டீமில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் லீடாக இருந்தார். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நாங்கள் நியூ ஜெர்சியில், டீமில் பாதி சென்னை ஓ.எம்.ஆர். சாலையில். தினம் காலை ஒன்பதரைக்குக் கால். கோடையில் சென்னையில் அப்போது இரவு 7 மணி. நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். சென்னையில் யாரும் தள்ளுவதில்லை. அதே ஒன்பதரை கால், அங்கே இரவு 8 மணி கால் ஆகிவிடும். இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அந்தச் சென்னை டீமில் ஒரு பெண், தாம்பரத்திலிருந்து வருகிறவர், சின்னக் குழந்தை உண்டு. நவம்பருக்கு அப்புறம் காலில் "நோ இஷ்யூஸ்" தவிர வேறு வார்த்தை பேசுவதை நிறுத்திவிட்டார். ஸ்டேட்டஸ் ஷீட்டில் எல்லாம் பச்சை. மேனேஜருக்குப் பரம திருப்தி. அண்ணாச்சிக்கு மட்டும் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா, இந்த எட்டு மணி உனக்கு ஒத்து வருதா?"

"பரவாயில்ல சார், மேனேஜ் பண்ணிக்கிறேன்."

தமிழில் பரவாயில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. அது இங்கிலீஷ்காரனுக்குத் தெரியாது, அண்ணாச்சிக்குத் தெரியும். மேற்கொண்டு ஒன்றும் துருவவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மறுநாள் மீட்டிங்கில், "மார்ச் வரைக்கும் கால் எட்டரைக்கு" என்றார். அதாவது சென்னைக்குப் பழைய 7 மணி, நமக்கு ஒரு மணி நேரம் முன்னால். பனியில் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு புலம்பியவர்களில் நானும் உண்டு. அண்ணாச்சி அசரவில்லை. "மணியை நாமதானடே மாத்துனோம், நாமதான் எந்திரிக்கணும்" என்றார். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண் பழையபடி பேச ஆரம்பித்தார். ஜனவரி ரிலீஸுக்கு நாலு நாள் முன்னால், "சார், இந்த மாட்யூல்ல ஒரு தப்பு இருக்கு, நான் பண்ணினதுதான்" என்று அவரே சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் அது கிளையண்ட் கையில்தான் வெடித்திருக்கும்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. யோசித்துப் பார்த்ததில் விஷயம் புலப்பட்டது. அந்த டீம்களில் பயமில்லாமல் தவறைச் சொல்ல முடிந்தது, மற்றவற்றில் மறைத்தார்கள். வேலைத்திறனும் ஈக்யூவும் சந்திக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் உங்கள் காதுக்கு வருகிறது? அது நீங்கள் எவ்வளவு இனிமையாகச் சிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இல்லை. உங்களிடம் சொன்னால் ஏதாவது மாறும், சொன்னவர் தலை உருளாது என்ற நம்பிக்கையைப் பொறுத்தது.

நமக்கு நாமே: பெயர் வைத்துப் பாருங்கள்

மேலே இருப்பவர்கள் மாறும்வரை அன்றாடம் ஆணி பிடுங்கும் நாம் என்ன செய்வது? எனக்குப் பயன்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். 2007ல் மேத்யூ லீபர்மேன் குழு ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு வெளியிட்டது. கோபமான, பயந்த முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் வைத்ததும், மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா பகுதி கொஞ்சம் அடங்கியது. அடக்கி வைப்பதும் பெயர் வைப்பதும் ஒன்றல்ல.

நமக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. வேலை இங்கிலீஷில் நடக்கிறது, எரிச்சல் தமிழில் வருகிறது. இங்கிலீஷில் நமக்குத் தெரிந்தது அப்செட், ஸ்ட்ரெஸ், கன்ஸர்ன், மிஞ்சிப்போனால் ஃப்ரஸ்ட்ரேஷன். எல்லாவற்றையும் இந்த நாலு டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். தமிழில் எத்தனை இருக்கிறது பாருங்கள். எதிரி செய்தால் வருவது கோபம். நம்மவர் என்று நினைத்தவர் செய்தால் வருவது மனத்தாங்கல். கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் போனால் ஆதங்கம். நாலு பேர் முன்னால் கூனிப்போக வைத்தால் அவமானம். இரண்டு பக்கமும் பேச முடியாமல் மாட்டிக்கொண்டால் சங்கடம். நமக்கு வந்திருக்க வேண்டியது அடுத்தவனுக்குப் போனால் வயிற்றெரிச்சல். அதை ஒத்துக்கொள்ள ரொம்ப தைரியம் வேண்டும் :-)

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மனத்தாங்கல் என்றால் அவரிடம் தனியாகப் பேசினால் தீரும். கோபத்துக்கு மெயில் எழுதலாம், மனத்தாங்கலுக்கு மெயில் எழுதினால் உறவே போய்விடும். ஆதங்கம் என்றால் அடுத்த தடவை என்ன தகுதி வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவமானம் என்றால் நாலு பேர் முன்னால் நடந்ததை நாலு பேர் முன்னால்தான் சரி செய்ய முடியும். தனியறையில் கேட்கும் ஸாரி அதற்குப் போதாது. வயிற்றெரிச்சலுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, ஒரு வாரத்தில் தானே அடங்கும். பிரமோஷன் கிடைக்காதபோது வந்தது ஆதங்கமா, அவமானமா, வயிற்றெரிச்சலா என்று சரியாகப் பெயர் வைத்தாலே, யாரிடம் போய் எதைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும். இதைக் கற்றுத்தர எந்த கன்சல்டன்டும் வேண்டாம். அம்மாவும் அத்தையும் வாசலில் உட்கார்ந்து பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

கடைசியாக, அப்ரைசல் ஃபாரம் தயாரிக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த ஈக்யூ கட்டத்தை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். ஐந்துக்கு எத்தனை என்ற மார்க்கை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு கேள்விகளை வையுங்கள். இந்த வருஷம் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களின் எந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியவந்தது? அதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள்? முதல் கேள்விக்கு எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இரண்டாவதற்கு ஒரு வரியாவது எழுத முடிந்தவருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிடலாம். இந்தக் கேள்விகளை மேனேஜரோடு நிறுத்தாமல் டைரக்டருக்கும் அதற்கு மேலே இருப்பவர்களுக்கும் கொடுங்கள். விட்டுக்கொடுக்க அதிகம் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

டிஸ்கி: மைசூர் பக்கம் போகிறவர்கள் மேல்கோட்டைக்குக் கட்டாயம் போய்வாருங்கள். குன்றேறிவிட்டு வந்து சாப்பிட்டால்தான் அந்தப் புளியோதரையின் அருமை தெரியும்.